கிளிப்பிள்ளையின் பைக்

"நீங்க இந்த ஊர்தானே?" என்று ஏறும்போதே கேட்டாள் டைப்பிஸ்ட்.

"பொறந்ததே இங்கதாம்மா" என்றார் பைக் டாக்சிக்காரர்.

சொல்லி வாய் மூடவில்லை, ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஜி.பி.எஸ். கருவியைத் தட்டி, அவள் சொன்ன விலாசத்தை எழுத்தெழுத்தாகத் தேடிப் பதிந்தார். அதில் ஒரு நிமிடம் போனது. பிறகு சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தார். அதில் அவள் மானம் போனது. தெருவே திரும்பிப் பார்த்தது.

மணி ஒன்பது இருபத்தைந்து. பத்து மணிக்குக் கோர்ட்டில் டைப்பிங் தேர்வு. ஒரு நிமிடம் தாமதமானாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. முன்பு வேலை பார்த்த கம்பெனியை மூடி எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தச் சொல்லாத முகத்தைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

"இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது கருவி.

"வலது பக்கம் திரும்பறோம்மா" என்றார் அவர்.

இப்படியே ஒவ்வொரு திருப்பத்திலும். அது சொல்ல, இவர் அதையே ஒப்பிக்க, அவள் மனசுக்குள் அவருக்குக் கிளிப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டாள். கருவியையாவது ஒழுங்காக மாட்டியிருக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. அவர் முகத்துக்கு நேராக இல்லாமல், ஒரு ஓரமாகத் தூக்கிக் கோணலாக இருந்தது. தோளுக்கு மேலாக அவளுக்குத்தான் படம் பளிச்சென்று தெரிந்தது. இவரை நம்பி ஏறினோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் வண்டி நின்றது. முன்னால் பஸ், பக்கத்தில் லாரி, எதுவும் நகர்கிற மாதிரி இல்லை. ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேரலாம் என்று அதுவரை காட்டிய கருவி, இப்போது பத்து ஐந்து என்று காட்டியது.

பக்கத்தில் நின்ற பார்சல் ஸ்கூட்டர்காரர், கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அச்சகத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். கிளிப்பிள்ளை கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சிமெண்ட் குடோனுக்குப் பின்னாடி ஒரு சந்து போகுது. மூணாவது வளைவுல உடைஞ்ச தண்ணித்தொட்டி இருக்கும். அங்க இடது பக்கம் ஒடிச்சுத் திரும்புங்க. பத்து நிமிஷத்துல கோர்ட்டுப் பின்வாசல்."

ஸ்கூட்டர் பறந்துவிட்டது. டைப்பிஸ்டுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அண்ணே, உங்களுக்கு வழி தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா இங்க நிக்கறீங்க?"

அதற்கு மேல் அவள் விட்ட டோஸை முழுதாக எழுத இந்தப் பக்கம் போதாது. ஊரான் ஒருத்தனுக்கு வழி சொல்லத் தெரிகிறது, காலை முதல் கடிகாரத்தைப் பார்த்துத் தவிக்கிற எனக்குச் சொல்லத் தெரியவில்லையா, ஒரு பெட்டி ஆட்டுகிறபடி ஆடுகிறீர்களே என்று வெளுத்து வாங்கினாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"சந்துல ஆள் நடமாட்டம் இருக்காது. போகலாமா?"

"முதல்ல போங்க."

போனார். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். ஒரு ஜன்னல் இல்லை, ஒரு கடை இல்லை. வழி மாறிவிட்டது, திரும்பவும் என்று கருவி கத்த ஆரம்பித்தது. படத்தில் அவர்கள் இருந்த இடத்தில் ரோடே இல்லை.

இரண்டாவது வளைவு தாண்டியதும் அவளுக்குப் பயம் வந்தது. யார் இந்த மனுஷர்? ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லையே. போகச் சொன்னதே தான்தான் என்பது மறந்துபோய், கை தானாகக் கைப்பைக்குள் போய் போனைத் தேடியது.

அவர் திரும்பாமலே பேசினார்.

"அடுத்த வளைவுல தண்ணித்தொட்டிம்மா. அதைத் தாண்டினா கோர்ட்டு மணிக்கூண்டு தெரியும். வேணும்னா வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிக்கிட்டே வாங்க."

தண்ணித்தொட்டி வந்தது. மணிக்கூண்டு தெரிந்தது. சொன்னதில் ஒன்று பிசகவில்லை. பள்ளம் எது, மேடு எது என்று பார்க்காமலே விலகி விலகி ஓட்டினார். ஊரையே உள்ளங்கையில் வைத்திருக்கிற மனுஷர் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒன்பது ஐம்பத்து மூன்றுக்குப் பின்வாசலில் இறக்கிவிட்டார். நிம்மதியிலும் கோபம் முழுசாகப் போகவில்லை.

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு, எதுக்கண்ணே அந்த மிஷினைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

அவள் கழற்றிக் கொடுத்த ஹெல்மெட்டை வாங்கி வண்டியில் மாட்டினார்.

"போன வருஷம் ஒரு பொண்ணை இதே சந்து வழியா கூட்டிட்டு வந்தேன். சீக்கிரம் சேர்க்கலாம்னுதான். பாதியில பயந்துபோய், ஓடற வண்டியில இருந்து குதிச்சிட்டா. கை முறிஞ்சுபோச்சு."

அவள் போகாமல் அங்கேயே நின்றாள். நேரமாகிறது, உள்ளே போங்கள் என்று அவர்தான் வாசலைக் காட்டினார்.

"எனக்கு வழி தெரியும்மா. பின்னாடி உட்கார்றவங்களுக்கு என்னைத் தெரியாதே."