சாய்தளத்தின் குறுக்கே

எலும்பு மருத்துவமனை வாசலில், சாய்தளத்தை அடைத்து நிற்கிறது அந்தப் பிக்கப் வண்டி. மலையேறப் போவதுபோல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் எனக்கு, டயரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காவலாளி விசில் ஊதி ஊதி ஓய்ந்துவிட்டார். "அப்பன் வீட்டு ரோடா இது?" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் பெண். "வரட்டும் அவன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்," என்று நாற்காலிக்குப் பின்னால் பல்லைக் கடிக்கிறார் என் கணவர். சாவியைச் சுழற்றியபடி வண்டிக்காரன் நிதானமாக வருகிறான். காவலாளி சல்யூட் அடிக்கிறார். அந்தப் பெண் செல்போனில் வண்டியைப் படம் பிடிக்கிறாள். என் கணவர் நாற்காலியை விட்டுவிட்டு முன்னால் போய், டயரைச் செல்லமாகத் தட்டி, முதல் கேள்வியைக் கேட்கிறார்: "மைலேஜ் எவ்வளவு சார் குடுக்குது?"