சாகிற வேஷம்

கிரேக்க ஊர் ஒன்றில், நாடக மேடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இரண்டு முகமூடிகள் தொங்கின. ஒன்று அரசன், மற்றொன்று இளம்பெண். அங்கே பெண்கள் மேடையேறக் கூடாது. அதனால் ஒரே நடிகன்தான் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வான்.

"ஒத்திகையிலேயே இருபது தடவை செத்துவிட்டாய். இன்றைக்குப் போட்டி, இன்றும் சாவாய். உன் விதி அது," என்றது அரசன் முகமூடி. "போதாததற்கு உனக்கு ஆம்பளைக் குரல் வேறு!"

"பகைநாட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்ததற்காகச் சாகிறேன். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாக ஒவ்வொரு தடவையும் நீ ஆள் அனுப்புகிறாய். ஒரு தடவையாவது கேட்டேனா?"

"கேட்காதே என்று எழுதியிருக்கிறது, கேட்கவில்லை. இதில் என்ன பெருமை?"

"எழுதியது யாரோ. ஆனால் என்னை மாட்டிக்கொண்டு அதைச் சொல்லும்போது நம் நடிகன் கால் நடுங்குவதில்லை. உன்னை மாட்டிக்கொண்டு தண்டனை சொல்லும்போதுதான் நடுங்குகிறது."

அதற்குள் நடிகன் வந்து இரண்டையும் மேடைக்கு எடுத்துப் போனான்.

அன்றைக்கும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, செத்தாள். மலைச்சரிவு முழுக்க உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. முதல் பரிசு அந்த நாடகத்துக்கே!

ஜெயித்த நாடகத்தின் முகமூடி ஒன்றைக் கோயிலில் மாட்டுவது அவ்வூர் வழக்கம். "என்னைத்தான் எடுப்பான். கடைசிவரை உயிரோடு இருந்தவன் நான்தானே," என்று அரசன் முகமூடி காத்திருந்தது.

நடிகன் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டான். பெண் முகமூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தான். ஊரே பின்னால் போனது.

"செத்தது அவளாச்சே!" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கத்தியது. வெளியே இருந்த ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.