டவுன் டாக்டர் வரட்டும்

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு குண்டான் நிறையத் தின்றுவிட்டது செவலைப் பசு. தின்னச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. மத்தியானம் திரும்புவதற்குள் வயிறு தவில் மாதிரி உப்பி, மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது.

மாட்டுக்காரர் பதறிப்போய், பக்கத்துத் தெரு செங்கமலத்தைக் கூட்டிவந்தார். மாட்டு வைத்தியத்துக்குப் பால் சங்கத்தில் பயிற்சி எடுத்தவள் அவள்.

செவலை கொம்பை ஆட்டியது. "இவளா? நேத்து என் சாணியை அள்ளிக்கிட்டுப் போனவ. இவளுக்கு என்ன தெரியும்? டவுன் டாக்டர் வரட்டும். அவர் ஜீப்புல வருவார்."

"அவர் நாலு ஊர் பார்த்துட்டு வர்றதுக்கு நாளைக்கு ஆயிடும் அக்கா," என்றது பக்கத்தில் கட்டியிருந்த வெள்ளாடு. "அதுவரைக்கும் தாங்குமான்னு உன் வயித்தைக் கேட்டுச் சொல்லு."

பதிலுக்குத் திட்டலாமென்று செவலை வாயைத் திறந்தது. அதுதான் சமயமென்று செங்கமலம் சமையல் சோடா கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பிறகு வாயில் ஒரு வேப்பங்குச்சியைக் குறுக்கே கொடுத்துக் கொம்போடு கட்டிவிட்டு, வயிற்றை அழுத்தித் தேய்த்தாள். செவலை குச்சியை மென்றுகொண்டே முறைத்தது.

அரை மணி நேரத்தில் ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், கூரையில் இருந்த காக்காய் பறந்தே போய்விட்டது. அடுத்தடுத்து இன்னும் நாலு. வயிறு வடிந்தது; மூச்சு சீரானது.

குச்சியை அவிழ்த்ததும் வெள்ளாடு கேட்டது: "இப்போ என்ன சொல்றே அக்கா?"

செவலை நிதானமாக உதட்டை நக்கிக்கொண்டது.

"என்ன இருந்தாலும், டவுன் டாக்டர் கை வெச்சிருந்தா ஏப்பம் இன்னும் கொஞ்சம் பெரிசா வந்திருக்கும்."