கன்றுத் தோல்

செத்துப் பிறந்த கன்றின் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு கன்றின் முதுகில் கட்டினாள் செல்லாத்தாள். அதுவரை அதை உதைத்துத் தள்ளிய மயிலைப் பசு, தன் கன்றின் வாடையை முகர்ந்ததும் மடியைக் கொடுத்தது.

போன மாதம் அவள் தத்தெடுத்துக் கூட்டி வந்த சிறுமி வேணி கேட்டாள். "எத்தன நாளைக்குக் கட்டியிருக்கோணுங்க அத்தை?"

"தன் கன்னுன்னு அது நம்பற வரைக்கும்."

நாலாம் நாள் நாறத் தொடங்கிய தோலைக் கயிற்றோடு அறுத்து எடுத்தாள். பசு தயங்கி நின்றது. பிறகு கன்றின் வெறும் முதுகை நக்க ஆரம்பித்தது.

வேணி போட்டிருந்தது, செல்லாத்தாளின் இறந்துபோன மகளுடைய கவுன். தினமும் காலையில் செல்லாத்தாளே மாட்டிவிடுவாள். வேணி மெல்லத் திரும்பி, முதுகுப் பொத்தான்களைக் காட்டி நின்றாள்.

"எனக்கும் கழட்டி வுடுங்க."