நாலு இதழ் மணி

“ஐயர் வாறதுக்கிடையிலை அதைக் கழட்டு பிள்ளை. சிலுவையோடை அக்காவை எரிக்கேலாது.”

சின்னம்மா சொன்னதும் சஜிதா சவப்பெட்டிக்குள் குனிந்தாள். அம்மாவின் கழுத்தில் கறுப்பு நூல். அதில் ஒற்றை மணி. செம்பின்மேல் பச்சையும் சிவப்புமாய் எனாமல் உருக்கி வார்த்த, புளியங்கொட்டை அளவான மணி.

“சிலுவை இல்லை சின்னம்மா. நாலு இதழ்ப் பூ.”

“ஓமோம், பூ! கொம்மா கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிப்போனா எண்டு சனம் கதைக்கட்டும், நல்லா இருக்கும்.”

கோட்-டெ-நெய்ஜ் தெருவில் அம்மா குடியிருந்த மாடிக்குக் கீழே ஒரு பழைய சாமான் கடை. மணியை அங்கேதான் வாங்கினாளாம். எகிப்தின் ஆதிக் கிறிஸ்தவர்கள், கொப்டிக் சனம், ஆயிரத்துச் சொச்ச வருடங்களுக்கு முன் அணிந்தது என்று சொல்லும்போது அம்மாவின் முகம் கொஞ்சம் மலரும்.

அப்பா போன பிறகு அவள் நகை எதுவும் அணிந்ததில்லை. இது மட்டும்தான்.

கௌரி விரதத்தையும் விடவில்லை. புருஷனுக்காகப் பிடிக்கிற விரதம், இனி யாருக்கு அம்மா என்று கேட்டால், “உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு” என்பாள். போன மாதம் கோயிலில் கட்டிய மஞ்சள் காப்புநூல் இன்னும் இடக்கையில் கிடந்தது.

சஜிதா மணியை அவிழ்த்தாள். அது கிடந்த இடத்தில் செம்புக் களிம்பு பச்சை வட்டமாய்ப் படிந்திருந்தது.

சின்னம்மா ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

அப்போதுதான் கீழ்க்கடைக்காரர் கிர்கிஸ் வந்தார். கோட்டெல்லாம் பனி. வரிசையில் நின்று பெட்டியருகே வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுங்கழுத்தைத்தான் பார்த்தார்.

எரிக்க முடியாதென்றால் அவரிடமே போகட்டும் என்று சஜிதா மணியை நீட்டினாள்.

அவர் வலக்கையை நீட்டினார். கோட்டின் கை மேலேறியது. மணிக்கட்டின் உட்பக்கம் பச்சை குத்திய ஒரு குட்டிச் சிலுவை. நாலு கையும் ஒரே அளவு.

அதை ஒட்டி, சாயம் இன்னும் வெளிறாத ஒரு மஞ்சள் காப்புநூல்.

சஜிதா விரல்களை மூடிக்கொண்டாள்.

வாசலில் ஐயரின் குரல் கேட்டு, சின்னம்மா அந்தப் பக்கம் ஓடினாள்.

சஜிதா மணியை மறுபடி அம்மாவின் கழுத்தில் வைத்தாள். அம்மாவின் தலையை மெல்லத் தூக்கிப் பிடித்தபடி, முடிச்சை நீங்களே போடுங்கள் என்று கிர்கிஸிடம், சின்னம்மாவுக்கு விளங்காத பிரெஞ்சில் சொன்னாள்.