கயிற்றின் மறுமுனை

பழைய தானியக் குழிக்குள் நெல் புழுங்கி, காற்றே கெட்டுப் போயிருந்தது. அதற்குள் இறங்கிய அப்பா பெருச்சாளி திரும்பவில்லை. அன்றே அம்மா பெருச்சாளி ஒரு விதி போட்டாள். உள்ளே போகிறவர் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். மறுமுனையை ஒருவர் வெளியே நின்று பிடிக்க வேண்டும். உள்ளே போனவர் விழுந்தால் இழுக்கலாம், பின்னாலேயே இறங்கக் கூடாது.

"ரெண்டு வாய் நெல்லுக்குக் கயிறு வேறயா? அம்மாவுக்குத் தன் நிழலைப் பார்த்தாலும் பயம்" என்று சிரித்துக்கொண்டே ஒருநாள் மகன் கரியன் இறங்கினான். ஒருமுறை இருமினான். பிறகு சத்தமே இல்லை.

"கரியா!" அம்மா ஓடி வந்தாள்.

மகள் பூவி அவள் வாலைப் பிடித்து இழுத்தாள். "இறங்காதேம்மா! நீ போட்ட விதிதானே? வளைக்குப் போய்க் கயிறு எடுத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் போ, கண்ணு. நான் இங்கேயே நிக்கிறேன்."

பூவி கயிற்றோடு மூச்சிரைக்கத் திரும்பியபோது குழியருகே யாரும் இல்லை. "அம்மா!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

கயிற்றை உள்ளே விட்டு ஆட்டிப் பார்த்தாள். யாரும் பிடிக்கவில்லை. மேலே இழுத்து, தன் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். மறுமுனையைக் கொடுக்கத் திரும்பிப் பார்த்தாள்.