துணைக்கு இருப்பவளுக்கும் ஓர் ஊசி

குவாங்சோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணமிட்டு, மனைவி சாவ்யிங் கொண்டுவந்த பன்றியெலும்பு சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார் குவோங்.

"மூணாவது கிண்ணம்! நோயாளி மாதிரியா குடிக்கறீங்க?"

"ஜலதோஷம்னா எனக்குப் பசிக்கும்."

"உங்களுக்கு ஜலதோஷம், முடி கொட்டுறது எனக்கு. எல்லாம் உங்களைப் பத்தின கவலைதான்."

நர்ஸ் தட்டோடு வந்தாள். "துணைக்கு இருக்கறவங்களுக்குத் தொத்தாம இருக்கப் போடற ஊசி, இந்த வாரத்துக்கு. கழுத்தைக் காட்டுங்கக்கா. அப்புறம் சத்து மருந்து ஏத்தணும்."

"இவருக்கு?"

"அவருக்கு ஓய்வு போதும்."

சாயங்காலம் சாவ்யிங்குக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது.

"பாருங்க, உங்ககிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சு!"

குவோங் செருப்பைக்கூடப் போடாமல் நர்ஸைக் கூப்பிட ஓடினார். அந்நேரம் டாக்டர் மாக் உள்ளே வந்தார். சாவ்யிங் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர், புற்றைத் தாக்கற இந்த வைரஸ் ஊசியும், சத்து மருந்துன்னு ஏத்தற கீமோவும் சேர்ந்து என் கழுத்துப் புற்றைக் கரைக்குதா, இல்லையா?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா? உங்ககிட்ட மறைக்கத்தானே அவர் நோயாளியா நடிச்சு..."

"என் கழுத்துல இருக்கற கட்டி எனக்குத் தெரியாதா?"

"பாதியாச்சு. காய்ச்சல் அந்த ஊசியாலதான், பயப்படாதீங்க."

"நல்லது. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனுஷன் தாங்க மாட்டார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"ஏங்க, எங்க ஓடறீங்க? நோயாளியா லட்சணமா வந்து படுங்க!"